நான் காசாளராக்கிய மனிதர்

கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒடுக்கமான மாடிப்படி, அதில் ஏறினால் இரண்டாவது அறை என்னுடையது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று வாசலில் மூன்று மொழியிலும் பலகை தொங்குகிறது. பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி, பொலிஸ் அறிக்கை, எப்போதாவது வழக்குக்காக ஒரு காதல் கடிதம் என்று இருபது வருசத்துக்கு மேலாக ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருசத்தில் என்னைச் சபையில் வைத்துக் கவிழ்த்தது நாலெழுத்துச் சொல் ஒன்று. கேஷ். அதுவும் பின்னால் ஒரு வால் முளைத்து 'கேஷியர்' என்று வந்தபோது.

பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னர் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண் வந்தார். தகப்பனார் இறந்து மூன்றாவது கிழமை. முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவு மலரில் குடும்ப வரலாறு இரண்டு பக்கம் போட வேண்டும், லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் அதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார், நாளை மறுநாள் அச்சகத்துக்குக் கொடுக்க வேணும், எப்படியாவது செய்து தாங்கோ அக்கா என்றார். அன்றைக்கு மேசையில் ஏற்கனவே ஒரு கட்டு உறுதி கிடந்தது. சரி, செத்த வீட்டு வேலை, மறுக்கக் கூடாது என்று வெள்ளவத்தைக்கு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பின்னிரவு வரை இருந்து முடித்தேன்.

அதில் இறந்தவரின் தகப்பனைப் பற்றி ஒரு பந்தி. இரண்டாம் உலக யுத்த காலத்தில் இங்கே படையில் அதிகாரியாக இருந்தவராம். 1943 இல் 'கேஷியர்ட்' ஆனார், அதற்குப் பிறகு படையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை கதைத்ததில்லை என்று எழுதியிருந்தது. நான் எழுதியதை அப்படியே தருகிறேன், வெட்கம் கெட்டாலும் பரவாயில்லை: "1943 ஆம் ஆண்டு காசாளராகப் பதவியேற்றார். அதன் பின்னரும் தமது படைச் சேவையைப் பற்றி ஒருபோதும் பெருமை பேசியதில்லை." எவ்வளவு அடக்கமான மனுசன் என்று எனக்குள் மெச்சி, மூலத்தில் இல்லாத அந்தப் 'பெருமை'யை என் கைக்காசில் சேர்த்துவிட்டிருந்தேன்.

முந்நூறு பிரதி அச்சாகிவிட்டது. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பாயாசம் வருகிற நேரம், பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு பெரியவர், அவரும் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், மலரைப் புரட்டிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுவிட்டு மறுபடி வாசித்தார்.

"பிள்ளை, இதை ஆர் மொழிபெயர்த்தது?"

"நான்தான் ஐயா."

"இங்கிலிஷில கேஷியர்ட் எண்டு கிடந்திருக்கும், என்ன?"

"ஓம் ஐயா."

"அந்தாளைக் காசாளராக்கேல்லைப் பிள்ளை. கலைச்சு விட்டவங்கள்."

அவர் சிரிக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. படை அதிகாரி ஒருவரை மானக்கேடாகப் பதவி பறித்து வெளியேற்றுவதற்கு ஆங்கிலத்தில் உள்ள வினைச்சொல் அது. சிப்பாய்க்குச் சொல்ல மாட்டார்கள், அதிகாரிக்குத்தான். வீட்டில் அவர் வாய் திறக்காமல் இருந்ததற்கு அடக்கம் காரணமாக இருந்திருக்காது என்பது பாயாசக் கிண்ணத்தைப் பார்த்தபடி அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மகளிடம் போய்த் தனியாகச் சொன்னேன். திருத்தத் தாள் ஒன்று என் செலவில் அச்சடித்து எல்லாருக்கும் அனுப்புகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "விடுங்கோ அக்கா. அப்பப்பா இந்தப் புத்தகத்திலயாவது காசாளரா இருந்திட்டுப் போகட்டும்" என்றார். வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை.

அன்றிரவு செய்ததைத் தான் அதற்கு ஒரு கிழமைக்கு முன் செய்திருக்க வேண்டும். பெரிய அகராதியைத் திறந்தேன். கேஷியர் என்று இரண்டு தலைச்சொல், ஒவ்வொன்றின் தோளிலும் சின்னதாக 1, 2 என்று இலக்கம். வருசக்கணக்காக அந்த இலக்கங்களைப் பார்த்திருக்கிறேன், அச்சுக்காரரின் சோடனை மாதிரி நினைத்துக் கடந்திருக்கிறேன். அவை சொல்வது ஒன்றே ஒன்று: எழுத்து ஒன்றாக இருக்கலாம், ஆள் வேறு. ஒரு சொல்லுக்குப் பல அர்த்தம் இருந்தால் அகராதி ஒரே தலைப்பின் கீழ் அடுக்கும். பிறப்பே வேறு என்றால்தான் தனித் தலைப்புப் போட்டு இலக்கம் கொடுக்கும். பள்ளிக்கூடத்தில் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. நீங்கள் ஏ.எல். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிப்பவர் என்றால் முதல் கிழமையே இதைச் சொல்லிக் கொடுங்கள்.

பணம் எண்ணுகிற கேஷியர், பிரெஞ்சில் பணப்பெட்டிக்குச் சொல்லும் 'கெஸ்' என்பதிலிருந்து வந்தவர், பெட்டிக்காரர். கலைத்து விடுகிற கேஷியர், டச்சுக்காரரின் 'காஸ்ஸேரன்' வழியாக வந்தது, அதற்குப் பின்னால் பிரெஞ்சின் 'காஸே', அதற்கும் பின்னால் லத்தீனில் வெறுமை, செல்லாதது என்ற பொருளில் ஒரு வேர். இரண்டும் 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், அநேகமாக ஒரே காலத்தில், ஆங்கிலத்துக்குள் நுழைந்து ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டன. இதில் எனக்கு உறைத்த இன்னொரு விசயம், எங்கள் புதுக்கடைச் சட்டத்தரணிகள் நாள் முழுக்கச் சொல்லும் 'குவாஷ்', அதாவது ஒரு கட்டளையைச் செல்லாது என்று நீக்குவது, அதுவும் இதே குடும்பம். பிரான்சின் உச்ச நீதிமன்றத்தின் பெயரில் இருக்கும் 'கசாசியோன்' என்பதும் அப்படித்தான். அந்த அதிகாரியின் பதவியை 'குவாஷ்' பண்ணிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. நான் மறக்கவில்லை.

சரி, கேஷியரைப் பார்த்தாயிற்று, அப்படியே ஒரு பக்கம் முன்னால் தட்டி 'கேஷ்' என்னவென்று பார்ப்போம் என்று போனேன். அங்கேதான் இரண்டாவது அடி.

கேஷ் என்ற சொல் நம்முடைய காசிலிருந்து வந்தது என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. பின்னேரங்களில் வீட்டில் நாலைந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பேன், ஒவ்வொரு வருசமும் புதுப் பிள்ளைகள் வந்ததும் முதல் நாள் இந்தக் கதைதான். பயம் தெளியட்டும், ஆங்கிலத்திலும் எங்கட சொல் இருக்கு என்று ஒரு தென்பு வரட்டும் என்று. பிள்ளைகளின் கண் விரியும். எனக்கும் நல்லாக இருக்கும்.

அகராதியில் கேஷுக்கும் இரண்டு தலைப்பு.

முதலாவது, கையில் இருக்கும் பணம் என்ற, நாங்கள் எல்லாரும் தினமும் சொல்கிற கேஷ். அது காசிலிருந்து வரவில்லை. இத்தாலியில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் அந்தக் 'கெஸ்', இரண்டுக்கும் தாய் லத்தீனின் 'காப்ஸா', பொருள் பெட்டி. ஆங்கிலத்திலும் ஆரம்ப காலத்தில் கேஷ் என்றால் பணப்பெட்டி என்றும் அர்த்தம் இருந்திருக்கிறது, பிறகு பெட்டிக்குள் இருந்தது பெட்டியின் பெயரை எடுத்துக்கொண்டது. நாங்கள் குத்துவிளக்குப் பூசைக்குத் 'தட்டம்' வைத்தோம் என்றால் உள்ளே இருக்கும் பழமும் பூவும் சேர்த்துத்தானே, அந்த மாதிரி. சூட்கேஸின் கேஸ், கப்சூல், கசெட் எல்லாம் இந்தப் பெட்டியின் பேரப்பிள்ளைகள். ஆனால் நீதிமன்றக் கேஸ் இந்தக் குடும்பம் இல்லை, அது லத்தீனில் விழுதல், நேர்தல் என்ற வேறொரு சொல்லிலிருந்து வந்தது. எங்கள் படிக்கட்டில் தினமும் ஏறி இறங்கும் கனிஷ்ட சட்டத்தரணி ஒரு கேஸுக்குள் இன்னொரு கேஸைத் தூக்கிக்கொண்டு திரிகிறார் என்று இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும்.

இரண்டாவது கேஷ்தான் நம்முடையது. இது ஆங்கிலேயர்கள் கீழைத் தேசங்களில் புழங்கிய மலிவான செப்புக் காசுகளுக்குச் சொன்ன பெயர். தமிழின் காசு, போர்த்துக்கேயரின் வாயில் 'கைஷா'வாகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. இதில் ஒரு வேடிக்கை, போர்த்துக்கேய மொழியில் பெட்டிக்கும் 'கைஷா' என்றுதான் பெயர், அது அந்த லத்தீன் பெட்டியின் பிள்ளை. ஆக இந்த இரண்டு சொல்லும் லண்டனில் சந்திக்கிறதுக்கு முன்னரே லிஸ்பனில் ஒரே உருவத்தில் இருந்திருக்கின்றன. சதுர ஓட்டை போட்ட சீனக் காசுக்கும் ஆங்கிலத்தில் இன்றுவரை கேஷ் என்றே பெயர். சீனர்கள் அதை அப்படிச் சொன்னதில்லை, போர்த்துக்கேயர் நம் கடற்கரையில் பழகிய பெயரைக் கிழக்கே கொண்டுபோய் அங்கேயும் ஒட்டிவிட்டார்கள்.

1886 இல் யூலும் பர்னலும் வெளியிட்ட, இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களுக்கான ஹொப்சன்-ஜொப்சன் அகராதியில் இதற்கென்று ஒரு பதிவு இருக்கிறது. 1818 வரை சென்னையில் நடந்த கணக்கு அதில் வருகிறது: 80 கேஷ் ஒரு ஃபணம், 42 ஃபணம் ஒரு பகோடா, அதாவது வராகன். ஃபணம் என்பது வேறொன்றும் இல்லை, நம்முடைய பணம்தான். அதாவது கிழக்கிந்தியக் கம்பனி கணக்கப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய கணக்கில் காசும் பணமும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிற்கின்றன, 3360 காசு சேர்ந்தால் ஒரு வராகன். சிங்களத்தில் நாணயத்துக்குச் சொல்லும் 'காசி'யையும் அந்தப் பதிவு சொல்கிறது.

லண்டனில் இருக்கும் தம்பியிடம் இதைத் தொலைபேசியில் சொல்லப்போய், அவன் ஒரு பழைய நாணயச் சந்தையில் தேடி எனக்கு ஒன்று வாங்கி அனுப்பினான். 1808 என்று பொறித்த 'பத்து கேஷ்'. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம், மறு பக்கம் பாரசீக எழுத்தும் அதன் கீழே ரோம இலக்கத்தில் பத்தும் கேஷ் என்ற சொல்லும். பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் சோஹோ என்ற இடத்தில் அடித்து, சென்னைக்கு அனுப்பிய காசு. அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் இதை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டே போகாமல் குட்வின் மணல்திட்டில் புயலில் மாட்டி மூழ்கிவிட்டது. 1980களில் சுழியோடிகள் வெளியே எடுத்தார்கள். நூற்றி எழுபத்தைந்து வருசம் கடலுக்கடியில் கிடந்த காசு, சென்னைக் கடைத்தெருவைப் பார்க்காமலே கொழும்பில் என் மேசை இலாச்சிக்குள் வந்து கிடக்கிறது. இப்போது புதுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது அதைக் கையில் கொடுக்கிறேன். ஆனால் கதையைத் திருத்தித்தான் சொல்கிறேன்: கடையில் 'கேஷா, கார்டா' என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் இத்தாலிக்காரன், இந்தக் காசில் இருக்கிற கேஷ் நம்மவன். ஒரு பெடியன் ஏமாற்றமாகப் பார்த்தான், "அப்ப பாதிதானே மிஸ் எங்கட?" என்றான். பாதி என்று சொல்ல முடியாது, ஒன்று முழுசாக நம்முடையது, மற்றது முழுசாக அவர்களுடையது என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறதே, எயிட் என்பது எட்டு, கல்ச்சர் என்பது கலை, இன்னும் ஐம்பது சொல், எல்லாம் தமிழிலிருந்து போனது என்று. கேஷும் அதில் நிச்சயம் இருக்கும். இப்படி ஒன்று வந்தால் நான் இப்போது பார்ப்பது மூன்று விசயம். அந்தச் சொல்லுக்கு அக்கம்பக்கத்து மொழிகளில் சகோதரங்கள் இருக்கிறார்களா: எயிட்டுக்கு ஜேர்மனில் 'ஆஹ்ட்', லத்தீனில் 'ஒக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட', இதற்குள் நம் எட்டு நுழைய இடமே இல்லை. அந்த மொழியில் அதன் மிகப் பழைய பொருள் என்ன: கேஷுக்குப் பெட்டி என்று வந்ததும் கதை முடிந்துவிட்டது. கடைசியாக, யார் தூக்கிக்கொண்டு போனார்கள். சொல் தானாக நீந்தாது, சாமானோடு கப்பலில் போகும். சுருட்டு ஏற்றினார்கள், 'செரூட்' போனது. மிளகுத்தண்ணீர் குடித்துப் பழகிய துரைமார் ஊர் திரும்பினார்கள், 'மல்லிகட்டானி' போனது. இரத்தினபுரியில் எடுக்கும் நீலக்கல்லின் கனிமத்துக்கு விஞ்ஞானத்தில் 'கொரண்டம்' என்று பெயர், அது நம் குருந்தம். சாமான் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, சந்தேகமே இல்லை. போனதற்கு வந்ததும் உண்டு, போர்த்துக்கேயர் பாணும் சப்பாத்தும் அலுமாரியும் கொடுத்தார்கள், டச்சுக்காரர் கந்தோரைக் கொடுத்தார்கள், துட்டும் அவர்களுடைய 'டொயிட்' என்ற சின்னக் காசுதான். நாங்கள் காசைக் கொடுத்துத் துட்டை வாங்கியிருக்கிறோம்.

ஹொப்சன்-ஜொப்சனும் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. கைபேசியிலேயே பார்க்கலாம். நான் இரண்டையும் முகப்பில் போட்டு வைத்திருக்கிறேன், சத்தியம் செய்து முத்திரை குத்துகிறவளுக்கு அது மூக்குக்கண்ணாடி மாதிரி.

லெக்சிகனில் காசைத் தேடினால் இன்னொரு கூத்து. நம்முடைய காசும் ஒற்றை ஆள் இல்லை. சங்க காலத்தில் அது நகையில் கோக்கிற பொன்மணி. குறுந்தொகை 67ஆம் பாட்டில் வேப்பம்பழத்தைக் கவ்விய கிளி மூக்குக்கு, புது நூலில் பொற்காசு கோக்கும் நகத்தை உவமை சொல்லியிருக்கிறது. செட்டியார் தெருவில் காசுமாலைக்கு விலை கேட்கும்போது எனக்கு அந்த நகம்தான் ஞாபகம் வரும், விலையைக் கேட்டதும் மறந்துபோகும். சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு என்றே ஒரு காசு வருகிறது. வெண்பா படித்தவர்களுக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்ற முடிவுகள் தெரியும். இவை போக, காசு என்றால் குற்றம் என்றும் ஒரு பொருள்: கோவலன் கண்ணகியைக் 'காசறு விரையே' என்று கொஞ்சுகிறானே, அது காசில்லாத வாசனை என்று அர்த்தமில்லை, குற்றமற்ற நறுமணம். இதை ஒரு வெள்ளைக்காரர் அவசரத்தில் மொழிபெயர்த்து 'கையில் காசில்லாத' என்று போட்டால் நாங்கள் எவ்வளவு பகிடி பண்ணுவோம். நான் செய்தது அதேதான், திசை மட்டும் மாறி.

வேலை செய்பவர்களுக்கு இன்னும் ஒன்று. கேஷைத் தமிழில் எப்படிப் போடுவது என்பது யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. இங்கே கணக்கீட்டுப் பாடத்திலேயே காசேடு, சில்லறைக் காசு, காசுப் பாய்ச்சல் கூற்று என்றுதான் இருக்கிறது, தபாற்கந்தோரில் காசுக்கட்டளை. ஒருமுறை இங்குள்ள ஒரு வியாபாரியின் கணக்கு அறிக்கையைச் சென்னையில் உள்ள பங்காளிக்காக மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அங்கிருந்து ஒருவர் எடுத்து, "மேடம், காசேடுன்னா என்னங்க?" என்றார். அங்கே ரொக்கம், ரொக்க ஏடு. எங்கள் காசு அவர் காதில் சில்லறையாகக் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு ஆவணத்தை வாங்கும்போதே எந்த ஊருக்கு என்று கேட்டு மூலையில் பென்சிலால் எழுதிவிடுவேன்.

பெயர்ச்சொல் என்று நான் அடித்துச் சொல்லும் ஒரு சொல் ஆங்கிலத்தில் 'ட்' என்று முடிந்து வினையாக நின்றால் இப்போது பேனையை வைத்துவிடுகிறேன். அந்த 'கேஷியர்ட்' என்னிடம் கத்திச் சொன்னது, காசாளர் என்றால் இப்படி வராதே என்று, நான்தான் கேட்கவில்லை. அடுத்த வரியும் சொன்னது. அடுத்த வரி நம் மொழிபெயர்ப்போடு ஒத்துவர 'பெருமை' மாதிரி ஒரு சொல்லை நாமாகச் சேர்க்க வேண்டியிருந்தால், பிழை அநேகமாக முதல் வரியில் இருக்கும்.

போன மாதம் வத்தளையிலிருந்து ஒரு தம்பி தாத்தாவின் பழைய கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் அவர் 1982 இல் 'டிஸ்சார்ஜ்' ஆனார் என்று இருந்தது. படையிலிருந்தா, சிறையிலிருந்தா, கடனிலிருந்தா, வழக்கிலிருந்தா, அந்தச் சொல் இத்தனைக்கும் வரும். கடிதத்தில் வேறு துப்பில்லை. தொலைபேசி எடுத்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு, தாத்தா எங்கிருந்து டிஸ்சார்ஜ் ஆனவர் என்று பக்குவமாகக் கேட்டேன்.

"ஆசுபத்திரியில இருந்துதான் அக்கா. ஹேர்னியா. ஏன் கேக்கிறீங்கள்?"